மலைக்குக் கட்டுச்சோறு: ஏழு வருட அனுபவம்

2018-ல் முதல் தடவையாக, ஏழு மலை அடுத்தடுத்து ஏற வேண்டிய வெள்ளியங்கிரிக்குப் போனபோது என் பையில் இரண்டடுக்கு எவர்சில்வர் கேரியர் இருந்தது. மேலடுக்கில் தயிர்சாதம், கீழடுக்கில் புளியோதரை, ஓரத்தில் ஊறுகாய் பாட்டில். மூன்றாவது மலையிலேயே தோள்பட்டை கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. ஐந்தாவது மலையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தால் தயிர்சாதம் நன்றாகப் புளித்துக் கள் வாடை அடித்தது. கொட்டவும் மனசில்லை, தின்னவும் முடியவில்லை. அதையும் தூக்கிக்கொண்டே மேலே போய்விட்டுக் கீழே இறங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தராசில் கேரியரை வைத்துப் பார்த்தேன். வெறும் கேரியர் மட்டும் 540 கிராம். சாதத்தோடு சேர்த்தால் ஒன்றரைக் கிலோவுக்குப் பக்கம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒன்றரைக் கிலோ! அன்றிலிருந்து மலைக்கு என்ன கட்டினாலும் முதலில் தராசில் ஏற்றிவிட்டுத்தான் பையில் வைப்பேன். வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

இந்த ஏழு வருடத்தில் சப்பாத்தி, இட்லி, பிரெட், சத்துமாவு, கடையில் விற்கும் எனர்ஜி பார் என்று எல்லாவற்றையும் கட்டிப் பார்த்துவிட்டேன். இப்போது நிலையாக நிற்பவை இரண்டுதான். ஒரு நாள் நடை என்றால் இலையில் கட்டிய புளியோதரை. இரண்டு மூன்று நாள் என்றால் அவலும் புளிக்காய்ச்சலும்.

காரணம் கணக்குதான். 120 கிராம் அரிசியை வடித்தால் 350 கிராம் சாதம் வரும். கூடியிருக்கிற 230 கிராமும் தண்ணீர். சாதம் கட்டினால் தண்ணீரைத்தான் தூக்குகிறோம். அதே 120 கிராமை அவலாகக் கொண்டுபோனால் 120 கிராம்தான். கூடவே 25 கிராம் வறுத்த கடலை, 40 கிராம் புளிக்காய்ச்சல். எல்லாம் சேர்த்து 185 கிராம், சுமாராக 700 கலோரி. நல்லெண்ணெயும் கடலையும்தான் இதில் கெட்டிக்காரர்கள். மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி தரும், கொழுப்போ 9. பை கனக்காமல் வயிறு நிறைய வேண்டுமென்றால் எண்ணெய்க்குக் கை நீள வேண்டும்.

அவலை ஊறவைக்கத் தண்ணீர் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், ஒரு வேளைக்கு 150 மில்லியாவது. வழியில் ஓடையோ சுனையோ இல்லாத மலையில் அந்தத் தண்ணீரையும் நாமே சுமக்க வேண்டியதுதான். அங்கே அவலால் எடையில் பெரிய லாபம் இல்லை, புளியோதரையே தேவலை. தண்ணீர் கிடைக்கிற பாதையிலும், மூன்று நாள் கெடாமல் இருக்க வேண்டிய இடத்திலும்தான் அவல் ஜெயிக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த காட்டுத் தீ விபத்துக்குப் பிறகு நம் காடுகளில் மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன. அனுமதி வாங்கி, வழிகாட்டியோடுதான் போக முடியும். உள்ளே போய் அடுப்பு மூட்டிச் சமைக்கலாம் என்கிற எண்ணத்துக்கே இடமில்லை. 2024-ல் வனத்துறை தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன. அதில் நான் போனவையெல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டன. ஆகவே தீ வேண்டாத சாப்பாடு எது என்பதுதான் கேள்வியே.

சரி, புளியோதரைக்கு வருவோம். மலைக்குக் கட்டும் புளியோதரை வேறு, வீட்டில் செய்வது வேறு. சாதம் உதிரியாக, ஒரு விசில் குறைவாக வெந்திருக்க வேண்டும். தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, மின்விசிறிக்குக் கீழே முழுசாக ஆறவிட வேண்டும். இந்த ஆறவிடுகிற வேலையில் அவசரப்பட்டு ஒருதரம் கெட்டுப்போனேன். அதிகாலை மூன்று மணிக்குச் சூடாகக் கிளறி, சூட்டோடு டப்பாவில் அடைத்து, பர்வதமலைக்குக் கிளம்பினேன். மதியம் திறந்தால் மூடிக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். சாதத்தைக் கையில் எடுத்தால் நூல் விட்டது. அரிசியில் இருக்கும் சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதிக்கவைத்தாலும் சாகாது. வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்தால் விழித்துக்கொள்ளும். புளியின் புளிப்பு அவற்றை அடக்கிவைக்கும் என்றாலும், வெந்நீர்க் குளியல் போட்டு எழுப்பிவிட்டால் புளிதான் என்ன செய்யும்?

தேங்காயும் வெங்காயமும் சேர்க்கவே கூடாது. எலுமிச்சைச் சாதம் மதியம் வரை தாங்கும், மாலை வரை வைத்துப் பார்க்காதீர்கள். தேங்காய்ச் சாதத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கட்டுவதற்கு வாழையிலைதான். தணலில் வாட்டினால் இலை துவண்டு துணி மாதிரி மடியும், கிழியாது. மேலே ஒரு பழைய பருத்தித் துண்டு, பருத்தி நூல். மொத்தக் கட்டும் 400 கிராமுக்குள் அடங்கிவிடும், திரும்பும்போது துண்டு மட்டும்தான் பையில். அடிவாரத்தில் பையைக் குடைந்து பிளாஸ்டிக்கைத் தேடும் வனத்துறைக்காரர்கள் இந்தக் கட்டைப் பார்த்தால் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். வழியில் உண்ணக் கட்டிக்கொண்டு போகும் சோற்றுக்குத் தமிழில் ஆற்றுணா என்று ஒரு பழைய சொல் உண்டு. அந்தக் காலத்து வழிப்போக்கர்களும் நல்லெண்ணெய் தாராளமாக விட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அவலுக்கு நான் வந்து சேர்ந்தது அகத்தியர்கூடம் போனபோது. கேரளப் பக்கம் போனக்காட்டில் இருந்து ஏறினால் மூன்று நாள் பயணம். இரவு தங்கும் அதிருமலை முகாமில் கேன்டீன் உண்டு, ஆனால் நடுவழியில் மதியத்துக்கு நம் கையில் இருப்பதுதான். முதல் நாள் மெல்லிய அவலைக் கொண்டுபோய் ஏமாந்தேன். தண்ணீர் பட்ட இரண்டே நிமிடத்தில் கூழாகி, சுவரொட்டி ஒட்டும் பசை மாதிரி ஆகிவிட்டது. கெட்டி அவல்தான் சரி. அதிலும் சிவப்பு அவல் இன்னும் நல்லது. ஊற நேரமெடுத்தாலும் குழையாது, மெல்லுவதற்கு ஏதோ இருக்கும்.

இப்போதைய முறை இது. வீட்டிலேயே அவலைச் சலித்து, தூசு போக, வெறும் வாணலியில் ஐந்து நிமிடம் வறுத்துவைத்துக்கொள்வேன். சாப்பிட உட்காரும் இடத்துக்கு இருபது நிமிடம் முன்பே டப்பாவில் தண்ணீர் ஊற்றி மூடிப் பையில் போட்டுவிட்டு நடப்பேன். நடக்கும்போதே ஊறிவிடும். உட்கார்ந்ததும் புளிக்காய்ச்சலையும் கடலையையும் போட்டுப் பிசைந்தால் வேலை முடிந்தது.

ஓடைத் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. ஊற்றினேன் ஒருமுறை, இரண்டு நாள் அனுபவித்தேன். விவரம் வேண்டாம். இப்போது குளோரின் மாத்திரை போட்டு அரைமணி நேரம் வைத்த தண்ணீர்தான். அந்த நீச்சல்குள வாடையைப் புளியும் பெருங்காயமும் சேர்ந்து மறைத்துவிடும்.

புளிக்காய்ச்சலை எதில் கொண்டுபோவது என்பதில் மட்டும் எனக்கு இரண்டு வருடம் போயிற்று. எந்தச் சின்ன பாட்டிலில் ஊற்றினாலும் எண்ணெய் திருகு வழியாக ஏறி வெளியே வந்துவிடும். மாற்றுச் சட்டை ஒன்று அப்படித்தான் போனது. கடைசியில் அம்மாதான் போனில் வழி சொன்னாள். “ஏன்டா அதைத் தண்ணியா வச்சுத் தூக்குற? இன்னும் கால்மணி நேரம் சுண்டவிட்டு உருட்டிடு. லேகியம் உருட்ட மாட்டோமா?” அவ்வளவுதான். எண்ணெய் பிரிந்த பிறகும் அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தால் அல்வா பதத்துக்கு வரும். பெரிய நெல்லிக்காய் அளவு உருட்டி, ஆளுக்கொரு வேளைக்கு ஒன்று என்று வாட்டிய இலைத் துண்டில் பொதிந்துவிடுவேன். மூன்றாம் நாளும் ருசி மாறவில்லை.

டப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இணையத்தில் பார்த்து, மடக்கினால் தட்டையாகிற சிலிக்கோன் டப்பா ஒன்று வாங்கினேன். ஆறு மாதம் அருமை. அப்புறம் மடிப்புகளில் புளி வாடை ஏறி, எத்தனை முறை வெயிலில் காயவைத்தாலும் போகவில்லை. அதில் பால் ஊற்றி சத்துமாவு கரைத்தால் புளியோதரைக் கஞ்சி குடிப்பது போல இருக்கும். இரண்டாம் வருடம் ஒரு மடிப்பு விட்டுப்போனது. இப்போது வைத்திருப்பது அரை லிட்டர் திருகுமூடி டப்பா, 90 கிராம், வாய் அகலம். ஐந்தாவது வருடம் ஓடுகிறது. எவர்சில்வரை விட அழகில் குறைவு, வேறு குறை இல்லை.

ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகளை விட்டதற்குக் காரணம் சுற்றுச்சூழல் அக்கறை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் குரங்கு. சதுரகிரியில் தாணிப்பாறையைத் தாண்டி ஓர் இடத்தில் உட்கார்ந்து பையை லேசாகத் திறந்தேன். சரசரவென்று அந்தச் சத்தம் கேட்டதுதான் தாமதம், எங்கிருந்தோ நாலு குரங்குகள். கடலை மிட்டாய், பேரீச்சை எல்லாம் கண்ணெதிரே போயிற்று. அதற்கப்புறம் துணிச் சுருக்குப்பைதான். அவிழ்த்தால் சத்தமே வராது. இன்றுவரை ஒரு குரங்கும் எட்டிப் பார்க்கவில்லை.

இமயமலைப் பக்கம் போனால் கதை மாறும். உத்தராகண்டில் கேதார்காந்தா, கிட்டத்தட்ட 3,800 மீட்டர், டிசம்பர் பனி. குளிர்ந்த தண்ணீரில் அவல் ஒரு மணி நேரமானாலும் நறநறவென்றே இருந்தது. காலையில் முகாமில் வெந்நீர் பிடித்து ஃபிளாஸ்க்கில் கொண்டுபோய் ஊற்ற வேண்டியிருந்தது, ஃபிளாஸ்க் எடையில் சேமித்தது எல்லாம் போச்சு. எங்கள் ஊர்க் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் அந்தக் குளிரில் கருங்கல். கையால் உடையாமல் ஊன்றுகோலின் பிடியால் தட்டி உடைத்தோம். எங்கள் வழிகாட்டி பாட்டுக்கு அங்கி உள்பாக்கெட்டில் இருந்து பராத்தாவை எடுத்துத் தின்றார், உடம்புச் சூட்டில் மெத்தென்று இருந்தது. மறுநாள் நானும் மிட்டாயை உள்பாக்கெட்டுக்கு மாற்றிவிட்டேன். ஒன்று மட்டும் அங்கே புரிந்தது: உயரத்தில் பசி செத்துவிடும், இனிப்பைக் கண்டாலே குமட்டும், அப்போது புளிப்பும் காரமும்தான் வாயைத் திறக்க வைக்கும். கூட வந்த வடக்கத்திப் பையன்கள் என் புளி உருண்டையை நக்கிக்கொண்டே நடந்தார்கள்.

கைவிட்டவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சப்பாத்தி மோசமில்லை, ஆனால் இரண்டாம் நாள் வறட்டி. மிளகாய்ப்பொடி இட்லி ரயிலுக்குச் சரி, ஏற்றத்தில் நசுங்கும், போதாக்குறைக்கு அதுவும் பாதிக்கு மேல் தண்ணீர். வாழைப்பழம் பையையே சாப்பிட்டுவிடும். எனர்ஜி பார் விலைக்குக் கடலை மிட்டாய் ஒரு டப்பா வாங்கலாம். பொரிவிளங்காய் உருண்டை சத்தானதுதான், கெடவே கெடாது, ஆனால் என் கடைவாய்ப் பல் ஒன்றில் கேப் போட்டிருக்கிறது.

எப்போதும் கூடவே இருப்பது உப்பு நார்த்தங்காய், காய்ந்தது, எண்ணெய் இல்லாதது. இரண்டு துண்டு பத்து கிராம்கூட வராது. சட்டை முதுகில் வெள்ளைக் கோடு விழுகிற அளவுக்கு வியர்த்தபின் அதை நாக்கில் வைத்தால் கண் திறக்கும்.

போன வாரம் தராசில் வைத்துப் பார்த்தேன். மூன்று நாள் மதியத்துக்கு, டப்பா, சுருக்குப்பை, நார்த்தங்காய் உட்பட 690 கிராம். பழைய கேரியர் பரணில் இருக்கிறது. டப்பா மூடியின் ரப்பர் வளையம்தான் எத்தனை தேய்த்தும் பெருங்காயம் மணக்கிறது. யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.