சீடி ரைட்டர் பழுதென்று சொல்லி மாற்றும் கடைகள்: கொழும்பில் பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய மேசைக் கணினியில் சீடி பதிவது இடையில் நின்றுபோனால், கொழும்பிலுள்ள திருத்தும் கடைகள் சிலவற்றில் கிடைக்கும் முதல் பதில் ‘ரைட்டர் போய்விட்டது’, அதாவது சீடி எழுதும் கருவி பழுது, என்பதுதான். அந்தப் பதிலை நம்பிப் பல ஆயிரம் ரூபா செலுத்தி, வேலை செய்யக்கூடிய நிலையிலிருந்த ரைட்டரை இழந்து, எவரோ பாவித்துக் கழித்த ரைட்டர் ஒன்றைப் புதியது என்ற பெயரில் பெற்றுக்கொண்டு, பழுது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்க வீடு திரும்பிய கதையை இங்கே எழுதுகிறேன். கடையின் பெயரையோ அது அமைந்துள்ள வீதியையோ நான் குறிப்பிடப் போவதில்லை. முறைப்பாடு கையளிக்கப்பட்டிருக்கும் நிலையில் அது முறையுமல்ல. ஏமாற்று நடந்த விதத்தைத் தெரிந்துகொண்டால் எந்தக் கடையிலும் அதை அடையாளம் காணலாம்.

இந்தக் காலத்தில் சீடி எதற்கு என்று கேட்பவர்களுக்காக ஒரு விளக்கம். என் தகப்பனார் 1970களின் இறுதியிலும் அதற்குப் பின்னரும் ஆடிவேல் விழாவிலும் கொழும்புக் கோயில்கள் சிலவற்றிலும் ஒலித்த நாதஸ்வரக் கச்சேரிகளைக் கசெட்டுகளில் பதிந்து வைத்திருந்தார். அவற்றைக் கணினிக்கு மாற்றும் வேலையை எங்கள் பழைய பென்டியம் 4 கணினியிலேயே செய்துவந்தோம். விண்டோஸ் எக்ஸ்பி, ஒலி உள்ளீட்டுத் துளையுள்ள சவுண்ட் கார்ட், 52 மடங்கு வேகத்தில் எழுதும் ரைட்டர் என்று அந்த வேலைக்குத் தேவையான யாவும் அதில் இருந்தன. அப்பாவின் வயதை ஒத்த உறவினர்களிடம் இன்றும் இருப்பது சீடி பிளேயர்தான் என்பதால், கேட்பவர்களுக்கெல்லாம் சீடியாகவே கொடுக்க வேண்டியிருந்தது.

கோளாறு மெதுவாகத்தான் தொடங்கியது. பதியும்போது திரையில் காட்டப்படும் இடைநினைவகத்தின் (எழுதப்படவிருக்கும் தரவு ரைட்டரில் சற்றே தங்கும் இடம்) அளவு நூறு வீதத்திலிருந்து சட்டென்று பூச்சியத்துக்கு இறங்கி மீண்டும் ஏறும். மௌஸ் அசையாது நிற்கும். ஐந்தாறு நிமிடங்களில் முடிய வேண்டிய பதிவு அரை மணித்தியாலத்தையும் தாண்டும். சில வேளைகளில் பிழைச் செய்தியுடன் நின்று சீடியே வீணாகும். கணினியைக் கடைக்குக் கொண்டுசென்றபோது, பெட்டியைத் திறந்து பார்க்காமலே, “லேசர் போயிட்டுது அக்கா, இதத் திருத்த ஏலாது, மாத்தத்தான் வேணும்” என்று அங்கிருந்த தம்பி சொன்னார்.

இந்தத் தீர்ப்பு முழுப் பொய்யாக இராததுதான் இதிலுள்ள ஆபத்து. லேசர் தேய்வது உண்மை. வாசிப்பதற்குத் தேவையானதைவிடப் பல மடங்கு வலுவுள்ள ஒளி எழுதுவதற்குத் தேவைப்படுவதால், கடையில் வாங்கிய பாட்டுச் சீடிகளை ஒழுங்காக வாசிக்கும் ரைட்டர் எழுதும்போது மட்டும் தோற்பது நடக்கக்கூடியதே. டிவிடியும் எழுதும் ரைட்டர்களில் சீடிக்கு 780 நனோமீற்றர், டிவிடிக்கு 650 நனோமீற்றர் என்று இரு வேறு லேசர்கள் இருப்பதால், ஒன்று செத்து மற்றது உயிரோடிருப்பதும் உண்டு. ஆனால் லேசர் பலவீனமானால் அதற்குரிய அறிகுறி வேறு. எழுதத் தொடங்குமுன் ரைட்டர் சீடியின் நடுத்துளைக்கு அருகிலுள்ள சிறு பகுதியில் தன் ஒளியின் வலுவைச் சோதித்துக்கொள்ளும். லேசர் இயலாமற்போனால் பெரும்பாலும் அந்தச் சோதனையிலேயே, அதாவது முதல் நிமிடத்திலேயே, வலு அளவீட்டுப் பிழை என்ற செய்தியோடு நின்றுவிடும். தரமான வேறு வேறு சீடிகளைப் போட்டும் அதே செய்தி வந்தால் லேசரைச் சந்தேகிக்கலாம். இடைநினைவகம் வற்றுவதும் கணினி உறைவதும் லேசரின் குணமல்ல. தரவு ரைட்டருக்குப் போய்ச்சேரும் வழியில் தடை இருக்கிறது என்பதே அதன் பொருள்.

அந்த வழியைத்தான் கடையில் எவரும் பார்க்கவில்லை. சீடியின் அடிப்படை வேகம் விநாடிக்கு 150 கிலோபைட். 52 மடங்கென்றால் விநாடிக்கு 7.8 மெகாபைட். பழைய ரைட்டர்கள் பலவற்றில் இருக்கும் 2 மெகாபைட் இடைநினைவகம் அந்த வேகத்தில் கால் விநாடிக்குத்தான் தாக்குப்பிடிக்கும். 2000ஆம் ஆண்டளவில் சன்யோ நிறுவனம் பர்ன்-புரூஃப் என்ற பாதுகாப்பைக் கொண்டுவருவதற்கு முன்னர், தரவு ஒரு கணம் நின்றாலே சீடி குப்பைக்குப் போனது. பின்னர் வந்த ரைட்டர்கள் எழுதுவதை இடைநிறுத்தி, தரவு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றன. எங்கள் ரைட்டரும் அந்த இரகம்தான். அதனால்தான் பல பதிவுகள் தவழ்ந்தாவது முடிந்தன. இந்த விவரமே பழுது எங்கே என்று காட்டியிருக்க வேண்டும்.

ரைட்டரை மாற்றிக் கணினியைத் திருப்பித் தரும்போது, நாலைந்து பாட்டுகளை மட்டும் சீடியில் எழுதிக் காட்டி ‘சரி’ என்றார்கள். வீட்டில் முழுக் கச்சேரி ஒன்றைப் பதிய முயன்றபோது பழைய தொல்லை அப்படியே வந்தது. அதைவிட மோசமாக, இப்போது கணினியே எழுந்து நிற்க நெடுநேரம் எடுத்தது. கொட்டாஞ்சேனையில் வசிக்கும், தம்பி முறையான உறவினர் ஒருவர் முன்னர் கணினி திருத்தும் வேலை பார்த்தவர். அவரை வரவழைத்துப் பெட்டியைத் திறந்தோம்.

அவர் முதலில் பார்த்தது ரைட்டரை அல்ல. கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மனேஜரில், வன்தட்டும் ரைட்டரும் இணையும் ஐ.டி.ஈ. கட்டுப்படுத்திகளின் கீழுள்ள சனலை (ஒரு கேபிளுக்குரிய இணைப்பு வழியை) திறந்து, உயர்நிலை அமைப்புகளில் ‘தற்போதைய பரிமாற்ற முறை’ என்ன என்று பார்த்தார். அங்கே டி.எம்.ஏ. என்று இருக்க வேண்டிய இடத்தில் பி.ஐ.ஓ. என்று இருந்தது. டி.எம்.ஏ. முறையில் தரவு நேரடியாக நினைவகத்துக்கும் கருவிக்கும் இடையே செல்லும், பி.ஐ.ஓ. முறையில் ஒவ்வொரு துண்டையும் செயலியே தூக்கிக் கொடுக்க வேண்டும். மௌஸ் உறைந்துபோனது இதனால்தான். விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு விசித்திரமான ஏற்பாடு உண்டு: ஒரு கருவியுடனான பரிமாற்றத்தில் ஆறு பிழைகள் சேர்ந்தால் அது வேகத்தை ஒரு படி குறைக்கும், பிழைகள் தொடர்ந்தால் படிப்படியாக இறங்கி இறுதியில் பி.ஐ.ஓ.வில் போய் நிற்கும். பிழைக்குக் காரணமானது சரியான பின்னரும் தானாக மேலே ஏறாது. அந்தச் சனலை டிவைஸ் மனேஜரில் நீக்கிவிட்டுக் கணினியை மீள இயக்கினால் அது புதிதாகக் கண்டறியப்பட்டு டி.எம்.ஏ. திரும்பிவரும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

ஆனால் பிழைகள் ஏன் வந்தன? ரைட்டருக்குச் செல்லும் தட்டையான நாடாக் கேபிளின் முனையில் பச்சை படர்ந்திருந்தது. வெள்ளவத்தையில் கடற்கரைக்கு அருகே வசிப்பவர்களுக்கு உப்புக்காற்று உலோகத்தை என்ன செய்யும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. கடைக்காரர்கள் அந்தக் கேபிளை மாற்றாதது மட்டுமன்றி, வன்தட்டுக்கு இருந்த நல்ல கேபிளைக் கழற்றி எடுத்துவிட்டு, வன்தட்டையும் ரைட்டரையும் இதே பழுதுபட்ட கேபிளில் மாஸ்டர், ஸ்லேவ் (ஒரு கேபிளின் முதலாவது, இரண்டாவது கருவி) என்று சேர்த்துப் பூட்டியிருந்தார்கள். ஒரே கேபிளில் இருக்கும் இரு கருவிகள் ஒரே நேரத்தில் தரவு அனுப்ப முடியாது. வன்தட்டிலிருந்து எடுத்து ரைட்டருக்குக் கொடுக்கும் வேலையில் இரண்டும் மாறி மாறிக் காத்திருக்க நேரும். அத்தோடு வன்தட்டின் பரிமாற்றமும் பிழைகளுக்குள்ளாகிப் பி.ஐ.ஓ.வுக்கு இறங்கியிருந்தது. கணினி முழுவதுமே சோர்ந்துபோனதற்குக் காரணம் இதுதான். பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் இடமொன்றில், 80 கம்பிகள் கொண்ட இரண்டு கேபிள்களைச் சொற்பப் பணத்துக்கு வாங்கி, வன்தட்டை ஒரு சனலிலும் ரைட்டரை மற்றதிலும் பூட்டி, சனல்களை நீக்கி மீள இயக்கியதும் எல்லாம் ஓடத் தொடங்கியது.

அடுத்ததாக ‘புது’ ரைட்டரை வெளியே இழுத்துப் பார்த்தோம். பக்கவாட்டுத் திருகுத் துளைகளில் பலமுறை பூட்டிக் கழற்றிய தழும்புகள் இருந்தன. மேலுள்ள தாளில் அச்சிட்டிருந்த தயாரிப்பு ஆண்டு 2006. விற்காமல் கிடந்த பழைய இருப்பென்றால் ஆண்டு பழையதாக இருப்பதைக் குறைசொல்ல மாட்டேன். இந்தக் கருவிகளைப் பொறுத்தவரை அது இயல்பு. சீடி வைக்க வெளியே வரும் தட்டின் உள்விளிம்பில் படிந்திருந்த அழுக்குக்கு அந்த விளக்கம் பொருந்தாது. பற்றுச்சீட்டிலோ ‘ரைட்டர் மாற்றியது, கூலி’ என்பதற்கு மேல் எதுவும் இல்லை: மாதிரி எண் இல்லை, தொடரிலக்கம் இல்லை, உத்தரவாதம் இல்லை. கழற்றிய பாகத்தைக் கேட்டுப் பெறுவதும், பூட்டிய பாகத்தின் தொடரிலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதுவிப்பதும் நம்மவர்களுக்கு அநாகரிகமாகத் தோன்றுகிறது. கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அவர்கள் எனக்கு விற்ற சீடிக் கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘உங்கட சீடி சரியில்லை, அதுதான் ரைட்டரையே கெடுத்தது’ என்று சொல்லி, யப்பானில் தயாரிக்கப்பட்டது என்று உறையில் அச்சிட்ட ஐம்பது சீடிகள் கொண்ட கட்டொன்றைச் சந்தை விலையைவிட அதிகத்துக்குக் கொடுத்திருந்தார்கள். பதியக்கூடிய ஒவ்வொரு சீடியிலும் லேசருக்கு வழிகாட்டும் நுண்ணிய பள்ளத்தில் ஏ.டி.ஐ.பி. என்ற தகவல் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். தயாரிப்பாளரின் குறியீடும் அதில் அடங்கும். இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளில் வெற்றுச் சீடியைப் போட்டவுடன் வலப்பக்கத்தில் அதைப் பார்க்கலாம். உதாரணமாக, தாயோ யூடென் என்ற யப்பானிய நிறுவனத்தின் சீடிகளில் 97 நிமிடம், 24 விநாடி என்று, நேரத்தைப் போல எழுதப்பட்டுத் தொடங்கும் குறியீடு இருக்கும். நான் வாங்கிய கட்டில் கண்ட குறியீடு யப்பானியத் தயாரிப்பாளர் எவருடையதுமல்ல. பெயர் பெற்ற வணிகச் சின்னங்கள் பிற நாட்டுத் தொழிற்சாலைகளில் செய்வித்து விற்பது வழக்கம் என்பதால், குறியீடு வேறாக இருப்பது மட்டும் மோசடிக்குச் சான்றாகாது. உறையில் யப்பான் என்று அச்சிட்டுவிட்டு உள்ளே வேறொன்று இருப்பதுதான் மோசடி. தாயோ யூடென் 2015ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தத் தொழிலையே விட்டுவிட்டது என்பதையும் நினைவில் வைத்திருந்தால், இன்று ‘புதிதாக வந்த யப்பான் சீடி’ என்று சொல்பவரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம். கணினி இல்லாமலே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு: சீடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், மட்டமானவற்றின் ஒளிதெறிக்கும் படலத்தில் ஊசித்துளைகள் தெரியும். எங்கள் கட்டில் அவை நிறையவே தெரிந்தன.

கணினி கடையில் இருந்த காலத்தில், அவசரமாகத் தேவைப்பட்ட சில கச்சேரிகளை அவர்களிடமே பதிந்து தரும்படி கூலி கொடுத்துக் கேட்டிருந்தேன். அதிலும் ஒழுங்கில்லை. 90 நிமிடக் கசெட்டின் பதிவு 80 நிமிடச் சீடியில் அடங்காது. இரண்டாகப் பிரிக்க வேண்டும், அல்லது முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அவர்களோ மிஞ்சிய பத்து நிமிடங்களை வெட்டிவிட்டதால் மங்களத்துக்கு முன்பே கச்சேரி அறுந்துபோனது. முழுத் தட்டையும் ஒரே ஓட்டத்தில் எழுதாமல் பாட்டுப் பாட்டாக எழுதியதால், ஒரு நீண்ட ஆலாபனையின் நடுவே இரண்டு விநாடி மௌனம் விழுந்தது. வேறு சில சீடிகளில் அமர்வை மூடாமலே, அதாவது பதிவு முடிந்தது என்பதைச் சீடியில் எழுதாமலே, விட்டிருந்தார்கள். அவற்றைக் கணினி வாசித்தது, உறவினர்களின் சீடி பிளேயர்கள் ‘தட்டு இல்லை’ என்று காட்டின. கேட்டபோது, ‘உங்கட பிளேயர்தான் பழசு’ என்றார்கள். ஒரு மூடப்படாத சீடியை வீட்டுக் கணினியின் ரைட்டரில் போட்டு அமர்வை மூடியதும் பழைய பிளேயர் பாடியது.

ரைட்டரோடும் பற்றுச்சீட்டோடும் நிழற்படங்களோடும் மீண்டும் கடைக்குச் சென்றபோது, கழற்றிய ரைட்டரை எறிந்துவிட்டதாக முதலில் சொன்னார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை அங்கேயே நின்று அழைக்கப்போவதாகச் சொன்னதும், உள்ளறையிலிருந்து அது வந்தது. முகப்பில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒட்டிய படம் உரிக்கப்பட்ட அடையாளத்துடன் இருந்ததால், அது எங்களுடையதுதான் என்பதில் விவாதத்துக்கு இடமிருக்கவில்லை. அதை நல்ல கேபிளில் பூட்டி, முன்பே எங்களிடம் இருந்த வெற்றுச் சீடி ஒன்றில் 16 மடங்கு வேகத்தில் ஒரு முழுக் கச்சேரியைப் பதிந்து, எழுதியதைச் சரிபார்க்கும் வசதியையும் இயக்கிப் பார்த்தோம். ஒரு பிழையும் வரவில்லை.

ரைட்டருக்கான பணத்தைத் திருப்பித் தந்தார்கள். கூலியையும் சீடிக் கட்டுக்கான பணத்தையும் தர மறுத்துவிட்டார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், வாங்கிய பொருள் பற்றிய முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. பாவிக்காத சீடிகளில் சிலவற்றையும், குறியீட்டைக் காட்டும் திரைப்பிரதியையும், யப்பான் என்று அச்சிட்ட உறையையும் இணைத்து என் கடிதத்தைக் கையளித்திருக்கிறேன். இதே உறையுள்ள கட்டை அண்மையில் வாங்கியவர்கள் யாரேனும் இருந்தால், பற்றுச்சீட்டையும் உறையையும் எறியாமல் வைத்திருங்கள். மூன்று மாதம் கடக்குமுன் நீங்களும் எழுதிக் கொடுக்கலாம்.