கிணற்று மோட்டார்ப் பெட்டிக்குள் எம்பெட் டிஎல்எஸ் 3.6: மூல நிரலிலிருந்து கட்டிப் பயன்படுத்தியவரின் மதிப்பீடு

மதுரை கே.புதூரில் நாங்கள் நால்வர் நடத்தும் சிறிய பட்டறையில், கிணற்று மோட்டாரைக் கைபேசியிலிருந்தே இயக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிகளைச் செய்து தருகிறோம். சோழவந்தான், அலங்காநல்லூர், மேலூர் பக்கத்து விவசாயிகளே அதிகம் வாங்குகிறார்கள். எங்கள் பழைய பெட்டிகள் மிஸ்டு காலுக்கும் குறுஞ்செய்திக்கும் கட்டுப்பட்டவை. அழைக்கும் எண்ணைப் பார்ப்பதைத் தவிர அவற்றில் வேறு காவல் இல்லை. புதிய பெட்டியை 4ஜி மோடம் வழியே எங்கள் சர்வரோடு பேசும்படி வடிவமைத்தபோது, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், "ஏந்தம்பி, வேற யாரும் எம் மோட்டாரப் போட்டுவிட முடியாதுல்ல?" என்று கேட்டார். கிணறு வற்றிக் கிடக்கும் நேரத்தில் எவரோ மோட்டாரை ஓட்டிவிட்டால் அதன் காயில் (கம்பிச் சுற்று) கருகிவிடும். ரீவைண்டிங் முடிந்து மோட்டார் திரும்பி வரும்வரை கொடிக்கால் காயும். ஆகவே அந்தக் கேள்வியை எங்களால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவருக்கு உறுதியாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் டிஎல்எஸ் (இரு கணினிகள் பிறர் அறியாதபடியும் எதிர்ப்பக்கம் யார் என்று சரிபார்த்தும் பேசுவதற்கான நெறிமுறை) வசதியைத் தரும் எம்பெட் டிஎல்எஸ் என்னும் திறமூல மறையாக்க லைப்ரரியை மூல நிரலிலிருந்து கட்டி, எங்கள் சிப்புக்கு ஏற்றபடி அமைத்து, ஓராண்டுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறோம்.

முன்பு போலார்எஸ்எஸ்எல் என்ற பெயரில் இருந்த இந்த லைப்ரரியை 2014-இல் ஆர்ம் நிறுவனம் வாங்கியது. இன்றைய பெயர் அதன் பிறகு வந்தது. இப்போது ட்ரஸ்டட் ஃபர்ம்வேர் என்ற கூட்டுத் திட்டத்தின்கீழ் வளர்கிறது. நாங்கள் எடுத்துக்கொண்டது 2024 மார்ச்சில் வெளியான 3.6 கிளை. குறைந்தது 2027 மார்ச் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்று அறிவிக்கப்பட்ட நீண்டகால ஆதரவுக் கிளை அது. அப்பாச்சி 2.0 உரிமத்தையோ ஜிபிஎல் உரிமத்தையோ நாமே தேர்ந்துகொள்ளலாம் என்பதால், எங்கள் சொந்த நிரலை வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லாமல் விற்பனைப் பொருளில் சேர்க்க முடிந்தது. வாங்கும் செலவு எதுவும் இல்லை. செலவெல்லாம் உழைப்பில்தான்.

முதல் தடுமாற்றம் மூல நிரலைப் பெறுவதிலேயே நேர்ந்தது. நிரல் வைக்கப்பட்டிருக்கும் தளம் தானாகக் கட்டித்தரும் ஜிப் கோப்பை நான் இறக்கினேன். அதில் ஃபிரேம்வொர்க் என்ற துணைக் களஞ்சியம் இருப்பதில்லை; எனவே நிரலைக் கட்டும் மேக் கட்டளை தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. வெளியீட்டுப் பக்கத்தில் திட்டத்தினர் தனியாக ஏற்றிவைத்திருக்கும் முழு டார் கோப்பை எடுக்க வேண்டும். அல்லது கிட் என்ற நிரல் மேலாண்மைக் கருவி மூலம் நகலெடுத்து, துணைக் களஞ்சியங்களையும் சேர்த்து இழுக்க வேண்டும். இதை ஆவணத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். படிக்காமல் தொடங்கியது என் தவறு. சரியான கோப்பு கையில் இருந்தால், லினக்ஸ் கணினியில் எந்த மாற்றமும் இல்லாமல் கட்டுவது தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். மறையாக்கத்துக்கு ஒன்று, எதிர்ப்பக்கம் யார் என்று உறுதிசெய்யும் மின்னணுச் சான்றிதழ்களுக்கு ஒன்று, டிஎல்எஸ் நெறிமுறைக்கு ஒன்று என மூன்று லைப்ரரிக் கோப்புகள் கிடைக்கும். இணைக்கும்போது டிஎல்எஸ் முதலிலும், சான்றிதழ் அடுத்தும், மறையாக்கம் கடைசியிலும் வர வேண்டும். வரிசை மாறினால், கட்டிய துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் பக்கம் பக்கமாகப் பிழைகளைக் கொட்டும்.

உண்மையான வேலை, சிப்புக்காகக் கட்டும்போதுதான் தொடங்குகிறது. எங்கள் பலகையில் இருப்பது 128 கேபி ரேமும் 512 கேபி ஃபிளாஷும் கொண்ட கார்ட்டெக்ஸ்-எம்4 சிப். இயங்குதளம் கிடையாது, கோப்பு அமைப்பும் கிடையாது. இந்த இடத்தில்தான் இந்த லைப்ரரியின் மிகப் பெரிய சிறப்பு வெளிப்படுகிறது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற முடிவுகள் ஏறக்குறைய அனைத்தும் ஒரே ஹெடர் கோப்பில் இருக்கின்றன. சில ஆயிரம் வரிகள் நீளும் அந்தக் கோப்பில் பெரும்பகுதி விளக்கக் குறிப்புகளே. ஒவ்வொரு தெரிவுக்கும் மேலே அது என்ன செய்கிறது, எந்தத் தெரிவு இல்லாமல் இது இயங்காது, எடுத்துவிட்டால் எதை இழப்போம் என்று எழுதியிருக்கிறார்கள். டிப்ளமா முடித்து எங்களிடம் பயிற்சிக்கு வந்த இரு மாணவர்களுக்கு டிஎல்எஸ் என்றால் என்ன என்பதை நான் இந்தக் கோப்பை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பாடநூலுக்குரிய தெளிவு அதில் இருக்கிறது.

கோப்பை நேரடியாகத் திருத்த வேண்டியதில்லை. உடன் வரும் சிறு பைத்தான் நிரல் ஒன்று, கேட்கும் தெரிவுகளை ஏற்றவும் இறக்கவும் செய்யும். ஆனால் நாங்கள் பின்பற்றிய வழி வேறு. மூலக் கோப்பைத் தொடாமல், எங்கள் மாற்றங்களை மட்டும் ஒரு தனிக் கோப்பில் எழுதி, அதைக் கூடுதல் அமைப்புக் கோப்பாக, மூல நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குக் காட்டினோம். திருத்தப் பதிப்பு வரும்போதெல்லாம் பழைய மாற்றங்களைத் தேடித் திரும்பச் செய்யும் வேலை இதனால் இல்லாமல் போயிற்று. முதலில் நெட்வொர்க் சாக்கெட் பகுதியை நீக்கினோம். அதை நீக்க மறந்தால், இந்தப் பகுதி யூனிக்ஸிலும் விண்டோஸிலும் மட்டுமே இயங்கும் என்றும், எந்தத் தெரிவைப் பார்க்க வேண்டும் என்றும் கம்பைலரின் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறார்கள். பிறகு கோப்பு வாசிப்பு, நேர அளவீடு, சாவிகளைக் கோப்பில் சேமிக்கும் பகுதி ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்தோம். ஒன்றைச் சார்ந்த மற்றொன்றைத் தவறிப்போய் எடுத்துவிட்டால், தனியான சரிபார்ப்புக் கோப்பு ஒன்று, முன்தேவைகள் நிறைவேறவில்லை என்று நிறுத்திவிடும். வேறு லைப்ரரிகளில் இதே தவறு, புரியாத லிங்கர் பிழையாக நள்ளிரவில் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நினைவகக் கணக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டிஎல்எஸ் நெறிமுறையில் ஒரு பதிவு 16,384 பைட் தரவு வரை இருக்கலாம் என்பதால், வரும் தரவுக்கும் போகும் தரவுக்கும் தலா அந்த அளவு இடத்தை இந்த லைப்ரரி இயல்பாகவே ஒதுக்குகிறது. ஒரே இணைப்புக்கு 32 கேபி. எங்கள் ரேமில் கால் பங்கு. போகும் பக்கத்தைக் குறைப்பதில் ஆபத்து இல்லை, ஏனென்றால் எவ்வளவு அனுப்புகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. நாங்கள் 2 கேபி ஆக்கினோம். வரும் பக்கத்தைக் குறைப்பது அப்படியன்று. சர்வர் அனுப்பும் சான்றிதழ்ச் சங்கிலி நாம் ஒதுக்கிய இடத்தைவிடப் பெரிய பதிவாக வந்தால், இணைப்பைத் தொடங்கும் ஹேண்ட்ஷேக் பரிமாற்றம் அங்கேயே முறியும். சிறிய பதிவாக அனுப்பு என்று கேட்பதற்கு நெறிமுறையில் ஒரு நீட்டிப்பு உண்டு. 512, 1024, 2048, 4096 ஆகிய நான்கு அளவுகளில் ஒன்றைக் கேட்கலாம், ஆனால் சர்வரும் அதற்கு இணங்க வேண்டும். எங்கள் சர்வர் எங்களுடையதே. அதிலுள்ள ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற டிஎல்எஸ் லைப்ரரி இந்த நீட்டிப்பை அறியும். சான்றிதழ்களையும் நீளமான ஆர்எஸ்ஏ வகைச் சாவிகளுக்குப் பதிலாக 256 பிட் நீள்வட்ட வளைவுச் சாவிகளில் நாங்களே வழங்கிக்கொண்டதால் சங்கிலி மிகவும் சுருங்கியது. எனவே 4 கேபி போதுமானதாயிற்று. யாரோ நடத்தும் பொதுச் சர்வரோடு பேச வேண்டிய கருவி என்றால், வரும் பக்கத்தைக் குறைக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

தரவை மறையாக்கும் ஏஇஎஸ் முறைக்கான அட்டவணைகளிலும் இதுபோன்ற ஒரு தெரிவு உண்டு. அவற்றை ரேமில் கணக்கிட்டு வைப்பதற்குப் பதிலாக ஃபிளாஷில் நிலையாக வைக்கலாம். வேகம் குறைந்தாலும் பரவாயில்லை என்றால் அட்டவணைகளில் 75 விழுக்காட்டை விட்டுவிடலாம். மோட்டாரைப் போடு, நிறுத்து என்ற இரண்டு கட்டளைகளுக்கு வேகம் எதற்கு? இரண்டையும் ஏற்றினோம்.

எங்களுக்கு இரண்டு நாட்களை விழுங்கிய சிக்கல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதற்கு எந்த எச்சரிக்கையும் வராது. எங்கள் கூடுதல் அமைப்புக் கோப்பை லைப்ரரியைக் கட்டும்போது கம்பைலருக்குக் காட்டினோம். எங்கள் சொந்த நிரலைக் கட்டும்போது காட்ட மறந்துவிட்டோம். தெரிவுகளைப் பொறுத்துத் தரவுக் கட்டமைப்புகளின் அளவே மாறும் என்பதால், லைப்ரரி ஓர் அளவையும் எங்கள் நிரல் வேறோர் அளவையும் நம்பிக்கொண்டு ஒரே நினைவக இடத்தில் எழுதின. எல்லாம் பிழையின்றிக் கம்பைல் ஆயிற்று, இணைந்தது, ஓடவும் தொடங்கியது. பிறகு தொடர்பே இல்லாத இடங்களில் சிப் செயலிழந்து நின்றது. அமைப்புக் கோப்பு ஒன்றே ஒன்று என்பது இந்த லைப்ரரியின் வலிமை. அந்த ஒன்று எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது முழுக்க முழுக்க நம் பொறுப்பு. இப்போது அந்த வரியை எங்கள் கட்டமைப்பு நிரலின் உச்சியில், இரண்டு கட்டுதல்களுக்கும் பொதுவான இடத்தில் வைத்திருக்கிறோம்.

இதைவிடக் கனமானது, இரகசியச் சாவிகளுக்கு அடிப்படையான சமவாய்ப்பு (ரேண்டம்) எண்களின் விஷயம். இயங்குதளம் இல்லாத சிப்பில், சமவாய்ப்புக்கான மூலத்தை நாமே எழுதிக்கொடுக்க வேண்டும் என்று லைப்ரரி கேட்கிறது. அந்தச் செயற்கூறு எதைத் திருப்பித் தந்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். இணையத்தில் சுற்றும் மாதிரி நிரல்களில் சாதாரண ரேண்ட் செயற்கூற்றை அழைத்துவிட்டு, பிறகு மாற்றவும் என்று ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். அப்படியே பொருளில் போய்விட்டால், ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் பெட்டி அதே எண்களைத்தான் உருவாக்கும். 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இணையம் முழுவதிலும் உள்ள பொதுச் சாவிகளைத் திரட்டிச் சோதித்தபோது, டிஎல்எஸ் சர்வர்களில் 0.5 விழுக்காட்டின் ஆர்எஸ்ஏ இரகசியச் சாவிகளைக் கணக்கிட்டே எடுத்துவிட முடிந்தது. பெரும்பாலும் தொடங்கும் வேளையில் போதிய சமவாய்ப்பு இல்லாத சிறு கருவிகளே அதில் அகப்பட்டன. நாங்கள் முதலில் வாங்கிய சிப்பில் வன்பொருள் சமவாய்ப்பு எண் உருவாக்கி இல்லை. விலை கூடினாலும் பரவாயில்லை என்று, அது உள்ள சிப்புக்கு மாறினோம். இந்த மாற்றம் இல்லாமல் அந்தப் பெரியவருக்கு ஆம் என்று என்னால் சொல்லியிருக்க முடியாது.

நேரமும் அப்படித்தான். சான்றிதழின் காலாவதித் தேதியைச் சரிபார்க்கச் சிப்புக்குத் தேதி தெரிய வேண்டும். கடிகாரம் இல்லாத பலகையில் கட்டும்போது நேரம் சார்ந்த பிழைகள் எழும். அந்தத் தெரிவை இறக்கிவிட்டால் பிழைகள் மறையும், அதோடு தேதிச் சரிபார்ப்பும் ஓசையின்றி மறைந்துவிடும். நாங்கள் மோடம் தரும் நேரத்தை எங்கள் சொந்தச் செயற்கூற்றின் மூலம் கொடுத்தோம். அந்த நேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது என்பதால், நிரலைக் கட்டிய நாளுக்கு முந்தைய எந்தத் தேதியையும் ஏற்காதபடி ஒரு தடையும் வைத்தோம்.

சர்வரின் பெயரைச் சரிபார்ப்பதில் லைப்ரரியே தன்னைத் திருத்திக்கொண்டது. முன்பு, எதிர்பார்க்கும் சர்வர் பெயரைக் கொடுக்க நாம் மறந்தால், நம்பத்தக்க சான்றிதழ் வைத்திருக்கும் எந்தச் சர்வரையும் அது ஏற்றுக்கொண்டுவிடும். 2025 மார்ச்சில் வந்த 3.6.3 பதிப்பிலிருந்து, பெயர் கொடுக்காவிட்டால் இணைப்பு பிழையோடு நின்றுவிடுகிறது. பழைய நிரல்கள் சில இதனால் உடைந்திருக்கும் என்றாலும், இந்த முடிவை நான் மனமார வரவேற்கிறேன். 3.0 பதிப்பிலேயே டிஎல்எஸ் 1.0, 1.1, ஆர்சி4 என்ற மறையாக்க முறை போன்ற பழையவற்றை அடியோடு நீக்கியிருப்பதால், அவற்றைத் தேடி அணைக்கும் வேலை நமக்கு இல்லை.

சோதனைகளைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. சுய சோதனை நிரலைச் சிப்பிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு பெட்டியையும் மூடுகிறோம். பிழைகள் எதிர்மறைப் பதினறும எண்களாக வருவது தொடக்கத்தில் மிரட்டும்; எண்ணைச் சொற்களாக மாற்றும் கருவி தொகுப்பிலேயே இருக்கிறது.

சர்வர் பக்கத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே ஓப்பன்எஸ்எஸ்எல்லே பொருத்தம். சிறு கருவிகளில் உல்ஃப்எஸ்எஸ்எல் இதற்கு நிகரான போட்டியாளர் என்றாலும், மூல நிரலை மூடி வைக்கும் பொருளுக்கு அதில் கட்டண உரிமம் வாங்க வேண்டும். எங்களைப் போன்ற பட்டறைக்கு அது எட்டாத செலவு.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 2025 அக்டோபரில் வெளியான 4.0 பதிப்பைப் பார்ப்பது நல்லது. அதில் மறையாக்கப் பகுதி தனித் திட்டமாகப் பிரிந்துவிட்டது, அமைப்புக் கோப்பும் இரண்டாகிவிட்டது, நிரலைக் கட்டுவதற்கு மேக் போய் சிமேக் என்ற கருவி மட்டுமே நிற்கிறது. நான் இவ்வளவு புகழ்ந்த அந்த ஒற்றைக் கோப்பு இனி இல்லை என்பதில் எனக்கு வருத்தம்தான். தோட்டங்களில் ஏற்கெனவே நிற்கும் எங்கள் பெட்டிகள் 3.6 கிளையிலேயே இருக்கும். அதன் ஒவ்வொரு திருத்தப் பதிப்பையும் பட்டறையிலுள்ள பெட்டியில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகே கொடிக்காலுக்கு அனுப்புகிறோம்.