மடிக்கணினியில் ஒலி நின்றுபோனால்: நான்கு வழிகளில் மலைவாசிகளுக்கு எது பொருந்தும்?

கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் துவைத்த துணி நான்கு நாளானாலும் காய்வதில்லை; பீரோவுக்குள் வைத்த தோல் செருப்பில் பூஞ்சை பூத்துவிடுகிறது. அந்த ஈரம் மடிக்கணினியையும் விடுவதில்லை என்பதை, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இணையவழியில் கணிதம் நடத்திவரும் நான், ஒரு மழை மாலையில் தெரிந்துகொண்டேன். வகுப்பு தொடங்கிச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. "மிஸ், நாங்க பேசுறது உங்களுக்குக் கேக்கலையா?" என்று ஒரு மாணவி திரையில் எழுதினாள். ஸ்பீக்கரில் ஒலியே இல்லை. ஹெட்போன் செருகும் துளையான ஜாக்கில் எதுவும் செருகாத நிலையிலும், ஹெட்போன் இணைக்கப்பட்டிருப்பதாகவே திரை காட்டிக்கொண்டிருந்தது.

இத்தகைய நிலையில் நம் முன் இருப்பவை நான்கு வழிகள்: டிரைவரை (ஒலி உறுப்பை இயக்க விண்டோஸுக்கு உதவும் மென்பொருளை) சரிசெய்வது, பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோவது, யுஎஸ்பி சவுண்ட் கார்டு (யுஎஸ்பி துளையில் செருகி ஹெட்போனை இணைக்கும் சிறு கருவி) வாங்குவது, ப்ளூடூத்துக்கு மாறுவது. கீழே இறங்கி மேட்டுப்பாளையமோ கோயம்புத்தூரோ போய்வர ஒரு முழுநாள் கழிந்துவிடும் நமக்கு, கோளாறு மென்பொருளிலா வன்பொருளிலா என்பதை வீட்டிலேயே பிரித்தறிவதுதான் முதல் வேலை. அதற்கு நான் நம்பும் முறை, உபுண்டு (விண்டோஸுக்கு மாற்றான, லினக்ஸ் வகை இயங்குதளம்) ஏற்றிய ஒரு பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, எதையும் நிறுவாமல் சோதனை நிலையிலேயே ஒலியைக் கேட்டுப்பார்ப்பது. அங்கே ஸ்பீக்கர் ஒலித்தால் வன்பொருள் நலமாக இருக்கிறது, குறை விண்டோஸில்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். ஒலிக்காவிட்டால் அதே உறுதியோடு எதிர்முடிவுக்கு வந்துவிடக் கூடாது. சில புதிய மாடல்களின் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயருக்கு லினக்ஸில் இன்னும் ஆதரவு இல்லாமல் இருக்கக்கூடும்.

டிரைவர் வழிக்குப் பணம் செலவில்லை. ஆனால் அதற்கு முன், ஒலி வேறெங்காவது போய்க்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிளில் டிவியை இணைத்தால் விண்டோஸ் பல நேரங்களில் ஒலியையும் டிவிக்கே அனுப்பிவிடும். அது காரணம் இல்லையென்றால், விண்டோஸில் வன்பொருள்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில், கணினிக்குள் இருக்கும் சவுண்ட் கார்டின் டிரைவரை நீக்கிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யலாம், அல்லது மைக்ரோசாஃப்டின் பொதுவான ஹை டெஃபினிஷன் ஆடியோ டிரைவரைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். பொது டிரைவரில் ஒலி திரும்பினாலும், தயாரிப்பாளர் அந்த ஸ்பீக்கருக்கென்று செய்துவைத்த இசைவமைப்பு போய்விடுவதால் குரல் தகரத்தில் பட்டது போல மெலிந்து கேட்பதுண்டு. அப்போது தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து உங்கள் மாடலுக்குரிய டிரைவரையே இறக்கி நிறுவுவது நல்லது. விண்டோஸ் புதுப்பிப்புக்கு மறுநாள் வந்த கோளாறு என்றால் இந்த வழியைத் தாண்டிப் பெரும்பாலும் போக வேண்டியிராது.

என் கணினி உபுண்டுவிலும் ஒலிக்கவில்லை. நான் கொண்டுபோன கடையில், திறந்துகூடப் பார்க்காமல், கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டை மாற்ற வேண்டும் என்று சொல்லி, புதுக் கணினியின் விலையில் பாதிக்கு நெருங்கிய ஒரு தொகையைக் கேட்டார்கள். மனம் கேட்காமல் வீட்டுக்கு எடுத்துவந்து, ஜாக்கின் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். 3.5 மி.மீ. துளையின் உட்சுவரில் ஒரு மெல்லிய உலோக நாக்கு தெரிந்தது. அதன் ஓரத்தில், தேயிலைச் செடியின் தூரில் படியும் பாசியைப் போல, கடுகளவு பச்சை. செம்பு கலந்த உலோகம் ஈரத்தில் களிம்பேறினால் வரும் நிறம் அது. ஹெட்போன் பின் உள்ளே போகும்போது அழுந்தும் ஒரு சிறு சுவிட்ச் பல ஜாக்குகளில் உண்டு. பின் வந்துவிட்டது என்று அதுதான் கணினிக்குத் தெரிவிக்கிறது, கணினியும் ஸ்பீக்கரை நிறுத்திவிடுகிறது. களிம்பாலோ தூசியாலோ அது சிக்கிக்கொண்டால், செருகாத ஹெட்போனுக்காக ஸ்பீக்கர் வாய்மூடிக் கிடக்கும். கணினியை அணைத்து, 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை ஒரு பழைய ஹெட்போன் பின்னில் லேசாகத் தொட்டு, இருபது முறை செருகி எடுத்தேன். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும் என்பதால் அதைப் பயன்படுத்தவில்லை. நன்றாக உலரவிட்டு இயக்கியபோது ஸ்பீக்கர் பேசியது, ஆனால் ஒரு வாரத்தில் மறுபடியும் நின்றது. நாக்கு தேய்ந்துவிட்டிருந்தது.

இதனால் கடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்பீக்கர் கிழிந்து கரகரக்கிறது என்றால் கடைதான் சரி. பெரும்பாலான மாடல்களில் அது சில திருகுகளும் ஒரு சிறு இணைப்பியும் கொண்ட தனி உறுப்பு, மாடல் எண்ணைச் சொல்லி வரவழைத்து மாற்றிவிடலாம். ஜாக் பழுது என்றால், அது தனிச் சிறு போர்டில் இருக்கிறதா, மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்று மலையிறங்குமுன் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். தனி போர்டானால் மாற்றுவது எளிது. மதர்போர்டிலிருந்து பற்றைக் கழற்றி மறுபடி வைப்பது தேர்ந்த கைகளுக்கே உரிய வேலை. அதற்காக ஒரு நல்ல மதர்போர்டைப் பணயம் வைக்க எனக்கு மனமில்லை.

எஞ்சிய இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பேசுகிறவர்களுக்கும் கேட்பவர்களுக்கும் வெவ்வேறு விடை கிடைக்கிறது. பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் ப்ளூடூத் ஹெட்போன் போதும். மைக்கைத் திறந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. வழக்கமான ப்ளூடூத் ஹெட்செட்டில், குரலை அனுப்பவும் பெறவும் ஒரே நேரத்தில் இடம் வேண்டியிருப்பதால், இணைப்பு தொலைபேசி முறைக்கு இறங்கிவிடும். ஸ்டீரியோ ஒற்றைத்தடமாகும், மாதிரி வீதம் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்தெடுக்கிறது என்பது) 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸுக்குச் சுருங்கும். பிள்ளை "மூன்று" என்கிறதா "மூன்றில்" என்கிறதா என்று தெரியாமல் கணித வகுப்பு நடத்த முடியாது. ஹெட்செட்டைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, பேசுவதற்குக் கணினியின் மைக்கையே தேர்ந்தெடுத்தால் இந்தக் குறை நீங்கும். ஆனால் எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் மழை விழும்போது கணினியின் மைக் மழையைத்தான் முதலில் அனுப்புகிறது.

யுஎஸ்பி சவுண்ட் கார்டில் இந்தச் சிக்கல் இல்லை. எண்களை ஒலியாகவும் ஒலியை எண்களாகவும் மாற்றும் சில்லு அதற்குள்ளேயே இருப்பதால், கணினியின் உள் சவுண்ட் கார்டு செத்தே போயிருந்தாலும் இது இயங்கும். தனி டிரைவரும் பெரும்பாலும் வேண்டாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனித் துளை உள்ள கார்டில், மொபைலோடு வரும் ஒற்றைப் பின் ஹெட்செட்டின் மைக் வேலை செய்யாது. டைப்-சி வடிவில் விற்கும் சில மாற்றிகளுக்குள் சில்லே இருக்காது, வெறும் கம்பிதான். அவை பெரும்பாலான மடிக்கணினிகளில் ஒலிக்காது. இதன் குறைகளையும் சொல்ல வேண்டும்: ஒரு யுஎஸ்பி துளை போய்விடும், மலிவானவற்றில் மெல்லிய இரைச்சல் இருக்கும், கணினியின் சொந்த ஸ்பீக்கர் மௌனமாகவே இருக்கும். இருந்தும் என் பரிந்துரை இதுவே. வகுப்பெடுப்பவர்கள், நேர்காணலுக்கு உட்காருபவர்கள், வீட்டிலிருந்து வாடிக்கையாளரோடு பேசும் வேலையில் இருப்பவர்கள் அனைவரும் கெடுவதற்கு முன்பே ஒன்றை வாங்கி வைத்திருப்பது நல்லது.

என்னுடையது இப்போது ஓரடி நீள யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பியில் தொங்குகிறது. நேரடியாகச் செருகினால் கை இடித்து, அந்தத் துளையும் தளர்ந்துவிடும். மூடுபனியில் பேருந்துக்குக் காத்திருந்துவிட்டுக் கணப்பு எரியும் அறைக்குள் வந்தவுடன் கணினியைத் திறப்பதையும் விட்டுவிட்டேன். குளிர்ந்த உலோகத்தில் அறையின் வெதுவெதுப்பான ஈரக்காற்று பட்டால் நீராக வியர்க்கும் என்பதால், ஒரு மணி நேரம் பையிலேயே கிடந்து அறையின் சூட்டுக்கு வந்த பிறகுதான் அதை வெளியே எடுக்கிறேன்.