சிபாப் பயன்படுத்துவோரின் மூக்கடைப்பு: சதையைச் சுருக்குவதா, தண்டை நேராக்குவதா?

உறக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நின்றுபோகும் ஸ்லீப் ஆப்னியாவுக்காக, கவசத்தின் வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தி மூச்சுப்பாதை மூடாமல் காக்கும் சிபாப் கருவியை வாங்கியவர்களில் கணிசமானோர், சில வாரங்களிலேயே அதை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். முகக்கவசம் உறுத்துகிறது, வாய் வறண்டுபோகிறது, காற்று முகத்தில் அடிப்பது போலிருக்கிறது என்று அவர்கள் சொல்லும் காரணங்களை நிதானமாகக் கேட்டால், பல நேரங்களில் அவற்றுக்கெல்லாம் அடியில் மூக்கடைப்பு இருப்பது தெரியவரும். 1981ஆம் ஆண்டு சிட்னியில் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் இந்தச் சிகிச்சையை முதன்முதலில் விவரித்தபோதே, காற்று மூக்கின் வழியாகத்தான் செலுத்தப்பட்டது. அந்த வழி குறுகியிருந்தால் கருவி அதிக அழுத்தத்தில் ஊத வேண்டியிருக்கும். மூக்கால் இழுக்க முடியாதவர் வாயைத் திறப்பார். திறந்த வாய் வழியே காற்று கசிந்து, சிகிச்சையே பயனற்றுப்போகும்.

மூக்கில் செய்யும் அறுவை சிகிச்சை ஸ்லீப் ஆப்னியாவைக் குணப்படுத்தும் என்று யாராவது உறுதி கூறினால், அதை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. மூச்சுப்பாதை மூடிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் மூக்கு அல்ல; மென்அண்ணத்துக்கும் நாக்கின் அடிப்பகுதிக்கும் பின்னாலுள்ள தொண்டைப் பகுதி. ஆகவே மூக்கைச் சரிசெய்த பிறகும், மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்ற எண்ணிக்கை பலருக்குப் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது கருவிக்குத் தேவைப்படும் அழுத்தம். 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், மூக்கு அறுவைக்குப் பின் சராசரி சிபாப் அழுத்தம் 11.6 செ.மீ. நீரழுத்தத்திலிருந்து 9.5 ஆகக் குறைந்தது. இரண்டு செ.மீ. என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் கருவியைக் கழற்றி எறியாமல் விடியும்வரை உறங்க முடிகிற நிலைக்கு அந்த வேறுபாடே சிலரைக் கொண்டுவந்துவிடும்.

அறுவைக்கு முன் முயன்று பார்க்க வேண்டியவை உள்ளன. கருவியோடு இணையும் வெந்நீர் ஈரப்பதமூட்டி, மூக்கு வறள்வதையும் அதன் எதிர்வினையாக உண்டாகும் அடைப்பையும் குறைக்கிறது. குளிரூட்டப்பட்ட அறையில் உறங்குவோருக்கு இது மிகவும் தேவை. ஒவ்வாமையால் அடைப்பவர்களுக்கு ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரேக்களை மருத்துவர் சொன்னபடி சில வாரங்கள் விடாமல் பயன்படுத்தினால்தான் பலன் தெரியும். கொதித்து ஆறிய நீரில் கலந்த உப்புக்கரைசலால் மூக்கைக் கழுவுவதும் உதவும். மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டு மருந்துகளை மட்டும் இந்த வரிசையில் சேர்க்கக் கூடாது. அவை சில நிமிடங்களில் மூக்கைத் திறந்தாலும், சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் முன்பைவிட மோசமான அடைப்பை உண்டாக்கக்கூடும். மூக்கையும் வாயையும் மூடும் பெரிய கவசம் ஒரு மாற்றுவழிதான் என்றாலும், அதற்குப் பெரும்பாலும் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது, கசிவும் அதிகம்.

இவை போதாதபோதுதான் அறுவை பற்றிய கேள்வி எழுகிறது. பேச்சு வழக்கில் ‘மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது’ என்பதும் ‘தண்டு வளைந்திருக்கிறது’ என்பதும் இரு வேறு கோளாறுகள். அவற்றுக்கான சிகிச்சைகளும் வேறு.

சதை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் மூக்கின் பக்கச்சுவரில் உள்ள கீழ் டர்பினேட் என்னும் சவ்வு மூடிய மடிப்பு வீங்கியிருப்பதுதான். (பாலிப் என்னும் கட்டியையும் சிலர் இப்படியே அழைப்பதுண்டு, அதன் சிகிச்சை முற்றிலும் தனி.) டர்பினேட் இரத்தநாளங்கள் நிறைந்த உறுப்பு, படுக்கும்போது அது மேலும் வீங்குவதால், பகலில் தாராளமாக இருக்கும் மூக்கு இரவில் அடைத்துக்கொள்கிறது. ரேடியோ அலை முறையில், அந்தப் பகுதியை மரத்துப்போகச் செய்து, மெல்லிய ஊசிமுனையை மேற்சவ்வுக்கு அடியில் செருகி உள்திசுவைச் சூடாக்குகிறார்கள். அது வடுவாகிச் சுருங்க, காற்றுக்கு வழி பிறக்கிறது. சில நிமிட வேலை. அன்றே வீடு திரும்பலாம். முதல் சில நாட்களுக்கு வீக்கமும் பொருக்கும் இருப்பதால் அடைப்பு கூடுவது போலவே தோன்றும்; முழுப் பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். வீக்கம் சில ஆண்டுகளில் திரும்பக்கூடும் என்பதே இதன் பெரிய குறை. மேற்சவ்வைக் காப்பாற்றுவது இதன் பெரிய சிறப்பு. காற்றை ஈரப்படுத்தி வெதுவெதுப்பாக்குவது அந்தச் சவ்வுதான். டர்பினேட்டை முழுதாக வெட்டி எடுத்த சிலருக்கு, பாதை அகலமாக இருந்தும் மூச்சு வராதது போன்ற தீராத உணர்வும் வறட்சியும் ஏற்பட்டுள்ளன. எனவே டர்பினேட்டைச் சுருக்கப் போகிறார்களா, அகற்றப் போகிறார்களா என்பதை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் கட்டாயம் கேட்டறிய வேண்டும்.

தண்டு என்பது இரு நாசிகளையும் பிரிக்கும் குருத்தெலும்பும் எலும்பும் சேர்ந்த சுவர். அது வளைந்திருந்தால் எந்த ஸ்ப்ரேயும் அதை நிமிர்த்தாது. செப்டோபிளாஸ்டி என்னும் அறுவையில், பொதுவாக முழு மயக்கம் கொடுத்து, சவ்வை விலக்கி, கோணலான பகுதியைச் சீராக்குகிறார்கள். 2023இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், தண்டு வளைவால் அவதிப்பட்ட 378 பேரில் ஒரு பாதிக்கு அறுவையும் மறு பாதிக்கு ஸ்டீராய்டு, உப்புநீர் ஸ்ப்ரேக்களும் தரப்பட்டன. ஆறு மாதம் கழித்து அறுவை செய்துகொண்டவர்களே தெளிவாக நல்ல நிலையில் இருந்தார்கள். அது ஸ்லீப் ஆப்னியாவுக்கென நடந்த ஆய்வு அல்ல. ஆயினும் வளைவு உண்மையான தடையாக இருக்குமிடத்தில் மருந்தையே நம்பிக் காலம் கடத்துவதில் பொருளில்லை என்பதற்கு அது வலுவான சான்று. இரத்தக்கசிவு, சுவரில் துளை விழுதல், இரத்தக்கட்டு ஆகிய ஆபத்துகள் அரிதாக உண்டு. குணமாகும் காலமும் நீளம்.

எது தனக்குரியது என்பதை ஓர் எளிய சோதனை ஓரளவு காட்டிக்கொடுக்கும். மருத்துவர் அடைப்பு நீக்கும் மருந்தைத் தெளித்துவிட்டுச் சிறிது நேரத்தில் மறுபடி பார்ப்பார். மூக்கு நன்றாகத் திறந்தால், தடை சுருங்கக்கூடிய சதையில் இருக்கிறது. ரேடியோ அலை முறைக்கு அவரே பொருத்தமானவர். கொஞ்சமும் மாறாவிட்டால் தடை குருத்தெலும்பிலோ எலும்பிலோ இருக்கிறது. அவருக்கு டர்பினேட்டைச் சுருக்கிப் பயனில்லை. இரண்டும் சேர்ந்திருப்பவர்களும் நிறைய; அவர்களுக்கு ஒரே மயக்கத்தில் இரண்டையும் செய்துவிடுவது வழக்கம். சதைதான் காரணம் என்று தெரிந்தால், சிறிய சிகிச்சையில் தொடங்குவதே சரி என்று கருதுகிறேன்.

ஸ்லீப் ஆப்னியா உள்ளவருக்கு முழு மயக்கம் மற்றவர்களுக்கு இருப்பதைவிட ஆபத்தானது. அபின் வகை வலிநிவாரணிகளும் அறுவைக்குப் பின் மூக்கில் வைக்கும் அடைப்புப் பஞ்சும் அன்றிரவு மூச்சுத்தடையைக் கூட்டும். நோயைப் பற்றி மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்வதும், சொந்தக் கருவியை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வதும், மூக்கு ஆறும்வரை கருவியை எப்போது, எந்தக் கவசத்துடன் பயன்படுத்தலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வதும் அவசியம். ஆறிய பிறகு பழைய அழுத்தத்திலேயே தொடர்ந்தால் காற்று கசியக்கூடும், வயிற்றிலும் புகுந்து உப்பக்கூடும். அழுத்தத்தை மறுபடி அளந்து குறைக்கும்படி உறக்க மருத்துவரைக் கேட்க வேண்டும். அறுவைக்கு முந்தைய மாதத்திய கருவிப் பதிவுகளைச் சேமித்து வைத்திருந்தால், உபயோகித்த மணிநேரம், கசிவு, மூச்சு தடைபட்ட எண்ணிக்கை ஆகிய மூன்றையும் பிந்தைய பதிவுகளோடு அருகருகே வைத்துப் பார்க்க அவருக்கு முடியும்.