பழைய ஆல்டர்னேட்டர்: பிரித்துச் சரிசெய்வதா, வேறு வாங்குவதா?

பழைய மாருதி 800-இல் பேட்டரி விளக்கு அணையாமல் எரிந்தால் முதலில் மல்ட்டிமீட்டரை எடுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரவேண்டும். 12.5-ஐத் தாண்டாமல் நின்றால் சார்ஜ் ஏறவில்லை; இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டரில் கோளாறு இருக்கலாம். அதைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இருப்பதையே கழற்றி, வேலூரில் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பதுதான் என் கட்சி. பெரும்பாலும் போவது கார்பன் பிரஷ், பேரிங், ரெகுலேட்டர், டயோடு. எல்லாம் தனித்தனியே மாற்றக்கூடியவை. பிரஷ் உரசும் ஸ்லிப் ரிங்கில் நகம் மாட்டும் அளவு பள்ளம் விழுந்திருந்தால் புது பிரஷ் நிற்காது, லேத்தில் சீவிக் கொடுக்கச் சொல்லுங்கள். காயில் கருகி வார்னிஷ் தீய்ந்த வாடை அடித்தால் மட்டும் கணக்கு மாறும்; அப்போது வேறு வாங்குவதை யோசிக்கலாம்.

வேறு வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் “எல்லாம் ஒண்ணுதாண்ணே” என்று கடைக்காரர் சொல்வதை நம்பிவிடாதீர்கள். பழையதன் மேல் உள்ள பார்ட் நம்பரையும் ஆம்பியரையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். போல்ட் மாட்டும் காதுகளின் இடைவெளி, பெல்ட் ஓடும் புல்லியின் வரிப்பள்ளம், சாக்கெட் பின் மூன்றும் பொருந்தவேண்டும். புல்லி ஒரு நூல் தள்ளி நின்றாலே பெல்ட் கத்தும். வேலூர் வெயிலுக்காகப் பிற்பாடு ஏசி ஏற்றிய வண்டியென்றால் கூடுதல் ஆம்பியர் பார்க்கலாம்; அப்போது பேட்டரிக்குப் போகும் ஒயரையும் தடிமனாக்க வேண்டிவரும்.