போன் மொழிபெயர்ப்புச் செயலிகள்: சான்றிதழ் அடிக்கும் கடைகளுக்கு ஒரு மதிப்பீடு

வடசென்னையில் தங்கசாலை, கல்மண்டபம், தண்டையார்பேட்டை பக்கம் இருக்கும் ஜெராக்ஸ், டிடிபி கடைகளில் அனுபவச் சான்று, பரிந்துரைக் கடிதம், மகளிர் சுயஉதவிக் குழுவின் கடன் விண்ணப்பம் எல்லாமே இப்போது போனில் இலவசமாகக் கிடைக்கும் மொழிபெயர்ப்புச் செயலி வழியாகத்தான் போகின்றன. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முகவரி, விலைப்பட்டியல், வாடகை ரசீது போன்றவற்றுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரு ஆளைப் பற்றிய எழுத்து என்றால், வந்ததை அப்படியே அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

தமிழில் 'அவர்' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பாதி வாக்கியங்களில் அதுகூட வராது. 'மேலாளராகப் பணிபுரிந்தார்' என்றாலே போதும். ஆங்கிலத்துக்குப் போகும்போது 'ஹீ' அல்லது 'ஷீ' வந்தாக வேண்டும். செயலி தான் படித்துப் பழகிய வாக்கியங்களில் எது அதிகமோ அதை எடுக்கிறது. அதனால் மேலாளர், பொறியாளர், ஓட்டுநர் என்றால் பெரும்பாலும் 'ஹீ'. செவிலியர் என்றால் 'ஷீ'. முதல் வரியில் 'திருமதி' போட்டிருந்தாலும், வரிவரியாகப் பெயர்க்கும் செயலி மூன்றாவது வரியில் அதைக் கணக்கில் எடுக்காது. புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். பெயரை முதல் வரியில் மட்டும் வைத்து, பிறகு 'வென்றார்', 'பயிற்சி எடுத்தார்' என்றே ஒரு பாராட்டுக் குறிப்பை எழுதினால், ஆங்கிலப் பத்தியின் நடுவில் அவர் ஆணாகிவிட வாய்ப்பு அதிகம்.

படிப்பவருக்கு அர்த்தம் புரிந்துவிடுமே என்று சிலர் சொல்வார்கள். 1978இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று அதற்குப் பதில் சொல்கிறது. கல்லூரி மாணவர்களிடம் ஒரு பொதுவான வாக்கியத்தைக் கொடுத்துக் கதை எழுதச் சொன்னார்கள். வாக்கியத்தில் 'ஹிஸ்' இருந்தபோது 35 சதவீதக் கதைகளில்தான் பெண் பாத்திரம் வந்தது. 'தேர்' (their) இருந்தபோது 46, 'ஹிஸ் ஆர் ஹெர்' இருந்தபோது 56. மாறியது அந்த ஓர் இடம் மட்டும்தான். விண்ணப்பத்தைப் புரட்டும் அதிகாரிக்கும் மனதில் ஓர் உருவம் முதலில் எழும். மற்ற வரிகளை அவர் அந்த உருவத்தை வைத்தே படிப்பார்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது நடப்பது இன்னும் மோசம். 'ஹீ' என்றால் பல செயலிகள் 'அவர்' என்கின்றன. 'ஷீ' என்றால் 'அவள்'. ஆண் மருத்துவர் 'கூறினார்', பெண் மருத்துவர் 'கூறினாள்'. ஆங்கிலச் சொல்லில் மரியாதையின் ஏற்ற இறக்கம் கிடையாது. அதைச் சேர்ப்பது செயலி, அதுவும் ஒரு பக்கமாக. ராயபுரத்துப் பள்ளித் தலைமையாசிரியை பற்றிய குறிப்பில் 'அவள் பொறுப்பேற்றாள்' என்று அச்சாகி வந்தால், படிக்கிற பெற்றோர் மனதில் அவர் ஒரு படி இறங்கிவிடுகிறார். இந்த ஒரு குறைக்காகவே ஐந்தில் இரண்டு நட்சத்திரத்துக்கு மேல் கொடுக்க மனமில்லை.

சரிசெய்ய வழி உண்டு. தமிழ் மூலத்தில் வரிக்கு வரி பெயரையோ 'இப்பெண்மணி' என்பதையோ எழுதிவிட்டுப் பெயர்த்தால் 'ஹீ' பெரிதும் குறையும். வந்த ஆங்கிலத்தில் 'ஹீ', 'ஹிஸ்', 'ஹிம்' மூன்றையும் தேடுங்கள். 'முழுச் சொல் மட்டும்' என்பதை டிக் செய்யாவிட்டால் 'தி' (the), 'திஸ்' (this) எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும். தமிழ் யூனிகோட் கோப்பில் 'அவள்' என்று தேடினால் 'அவளுடைய', 'அவளை', 'அவளிடம்' தப்பிவிடும். புள்ளி இல்லாமல் 'அவள' என்று தேடி 'அவர' என்று மாற்றினால் பல மென்பொருள்களில் எல்லாம் ஒரே தடவையில் மாறும். அப்படி மாறாத மென்பொருளில் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

வினைமுற்றில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'அவர் முடித்தாள்' என்று பாதி மாறிய வாக்கியம் அச்சுக்குப் போய்விடும். அவசரப்பட்டு 'தாள்' என்பதை மொத்தமாக 'தார்' ஆக்கினால் வினாத்தாள் 'வினாத்தார்' ஆகும், செய்தித்தாள் 'செய்தித்தார்' ஆகும். இங்கே 'அனைத்தையும் மாற்று' பட்டனைத் தொடவே கூடாது. ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கச் சான்றிதழுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும். அதற்கு வாடிக்கையாளரிடம் பத்து ரூபாய் சேர்த்துக் கேட்பதில் தவறே இல்லை.

2018 டிசம்பரில் கூகுள், துருக்கி மொழியில் பால் தெரியாத வாக்கியங்களுக்கு ஆங்கிலத்தில் ஆண், பெண் இரண்டு விடைகளையும் காட்டத் தொடங்கியது. தமிழுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும்: முழுப் பத்தியிலும் 'அவர்' வரும் இடங்களைக் காட்டி நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். அந்த வசதியுள்ள செயலி கிடைத்தால் மற்றதை நீக்கிவிடலாம்.

ஒருவரையே குறிக்கும் 'தே' (they) இன்னொரு சிக்கல். மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2019இல் இதை ஆணென்றோ பெண்ணென்றோ அடையாளப்படுத்திக்கொள்ளாத ஒருவருக்கான சொல்லாகவும் ஏற்றது. செயலி அதை 'அவர்கள் வந்தார்கள்' என்றாக்க, படிப்பவர் ஒரு கூட்டத்தை நினைத்துக்கொள்கிறார். ஆள் ஒருவர்தானா என்று மூலத்தைப் பார்த்து, 'அவர் வந்தார்' என்று மாற்றுங்கள். திருநங்கை, திருநம்பி யாருக்காவது ஆங்கிலச் சான்று அடிப்பதானால் எந்தச் சொல் வேண்டும் என்று அவரையே கேட்டு, அதைப் பில்லில் குறித்துக்கொண்டு தட்டச்சைத் தொடங்குங்கள்.