நாலு வருசம், 23 கோடு: பெரிய ரோட்டரி ஹமர் ஒன்றோடு என் அனுபவம்

கொங்கிரீட் உடைக்கவும் துளைக்கவும் வாங்கிய ஹமர் மெஷினின் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். வேலைக்கு எடுத்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. 2021 கடைசியில் வாங்கியது, இன்றைக்கு எண்ணினால் 23 கோடு. அதில் பதினொன்று முதல் நாலு மாதத்துக்குள் விழுந்தவை. "வீட்டுக்கு ஒரு பெரிய ஹமர் எடுக்கலாமா?" என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது அந்த மூடியைத்தான்.

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒரு லேனில். அப்பா காலத்துக் கட்டடம். கீழ்க் குளியலறையின் கழிவுக் குழாய் எங்கேயோ உடைந்து, ஈரம் சுவரில் ஏறத் தொடங்கியிருந்தது. தளத்தை உடைத்தால்தான் குழாய் மாற்றலாம். வந்து பார்த்த பாஸ் (மேஸ்திரி) இரண்டு கூலியாளும் மூன்று நாளும் கேட்டார். அதோடு மேலே தண்ணீர்த் தாங்கிக்கு இரும்பு ஸ்டாண்ட் பூட்ட வேண்டும், சமையலறை ஸ்லாபுக்குள்ளால் ஒரு குழாய் விட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது மெஷின் வாங்க நியாயம் கிடைத்துவிட்டது. நியாயம் தேடுகிறவனுக்கு அது கிடைக்காமல் போகுமா?

பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடை. கல்லாவில் இருந்த நானா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தன மாடி ஒடைக்கப் போறீங்க தம்பி?"

"மாடி இல்ல நானா, ஒரு பாத்ரூம்."

"அதுக்கு மூணு கிலோ மெஷினே போதுமே. தளம் மொத்தமா இருந்தா இந்தப் பெரிசை ரெண்டு நாளைக்கு வாடகைக்கு எடுங்க."

விற்கிறவரே வேண்டாம் என்று சொன்ன சாமானை அடம்பிடித்து வாங்கியவன் நான். எடுத்தது எஸ்டிஎஸ் மெக்ஸ் வகை, அதாவது பிட்டையும் உளியையும் செருகிப் பூட்டும் வாய் பெரிசானது: 1100 வாட்ஸ், 40 மி.மீ. வரை கொங்கிரீட்டில் துளை, பாரம் 7 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பக்கத்துக் கடையில் யப்பானிலிருந்து வந்த பழைய மெஷின் ஒன்று பாதி விலைக்குக் கிடந்தது. நல்லவேளை பெயர்த்தட்டைப் பார்த்தேன், 100 வோல்ட். எங்கள் 230 வோல்டில் நேரே செருகினால் புகைதான் மிச்சம். ட்ரான்ஸ்ஃபோமர் வைத்து ஓட்டலாம், ஆனால் அந்த வாட்ஸுக்கு ஏற்ற ட்ரான்ஸ்ஃபோமரைக் கூரைக்குத் தூக்குவது யார்?

சாதாரண ஹமர் டிரில் வீட்டில் இருந்தது. அதுவும் இதுவும் ஒன்றுதானே என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அதில் பல்லு வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கி அதிரும். நிமிடத்துக்குப் பல பத்தாயிரம் அடி விழும், ஆனால் ஒவ்வொன்றும் விரலால் சுண்டுகிற மாதிரி. அதனால் நாம் உடம்பால் அமுக்க வேண்டியிருக்கிறது. ரோட்டரி ஹமருக்குள் ஒரு பிஸ்டன் ஓடுகிறது. அது காற்றை அமுக்க, காற்று ஒரு இரும்புக் கட்டியை எறிய, கட்டி போய் பிட்டின் பிடரியில் அடிக்கிறது. என்னுடையதில் ஒரு அடி ஏறக்குறைய 8 ஜூல். ஒரு கிலோப் படிக்கல்லை 80 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால் வரும் அடி அது. வினாடிக்கு ஐம்பது தடவை அப்படி விழுகிறது என்று வையுங்கள்.

இது தெரிந்தும் முதல் நாள் அமுக்கினேன். பழக்கதோஷம். குளியலறையின் நடுவில் நின்று, கூர் உளியை நேர் குத்தாக வைத்து, முழுப் பாரத்தையும் கொடுத்தேன். உளி விரல் நீளத்துக்கு இறங்கி அப்படியே இறுகிக்கொண்டது. சுற்றிவர ஒரு வெடிப்புக்கூட இல்லை. பத்து நிமிடம் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். குழாய் போட வந்த பாஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், ஒன்றும் பேசாமல் மெஷினை வாங்கினார். கதவடியில் தளம் முடிகிற விளிம்பிலிருந்து நாலு விரல் உள்ளே உளியைச் சரித்து வைத்தார். இரண்டு கையாலும் பிடித்தாரே தவிர அமுக்கவில்லை. மூன்று வினாடி. உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு விடுபட்டு விழுந்தது. பிறகு புதிதாக உண்டான விளிம்பிலிருந்து இன்னொரு நாலு விரல். பாண் வெட்டுகிற மாதிரி கரையிலிருந்து வெட்டிக்கொண்டே போனார். உடைகிற துண்டு போக ஒரு வெளி வேண்டும், அவ்வளவுதான் விசயம். மூன்று நாள் என்று கேட்ட வேலை அடுத்த நாள் மத்தியானத்தோடு முடிந்தது. அந்த ஒன்றரை நாளுக்காக இந்த மெஷினை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த வகையில் பெரும்பாலான மெஷின்களுக்கு இரண்டே இரண்டு நிலை: அடித்துக்கொண்டு சுற்றும், அல்லது அடிக்க மட்டும் செய்யும். அடிக்காமல் சுற்று என்றால் சுற்றாது. பின்பக்கமாகவும் சுற்றாது. மரம், இரும்புக்கெல்லாம் இது உதவாது. கடையில் இதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விளைவு, சாமியறைச் சுவர். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய செங்கல், இந்தப் பக்கம் வயர் விட 20 மி.மீ. துளை ஒன்றுதான் வேண்டும். பிட் மறுபக்கம் வெளிவந்த கணத்தில் அங்கே ஒரு தாம்பாள அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து, பிள்ளையார் படத்தின் கண்ணாடியோடு கீழே வந்தது. மனிசி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பழஞ்சுவரில் சின்ன மெஷினால், அடியை நிறுத்தி, இரண்டு பக்கமிருந்தும் பாதி பாதியாகத் துளைத்திருக்க வேண்டும்.

கூரை ஸ்லாபில் தாங்கி ஸ்டாண்டுக்கு 16 மி.மீ. துளை போடும்போது இன்னொரு பாடம். கொங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் பிட் பட்டால் சத்தம் மாறும். 'கர்ர்' என்றிருந்தது 'டண்' என்று கேட்கும், தூள் வருவது நின்றுவிடும். அந்த இடத்தில் விட்டுவிட்டு நாலு விரல் தள்ளிப் போடுவதுதான் முறை. நான் விடவில்லை. பிட் கம்பிக்கும் கொங்கிரீட்டுக்கும் இடையில் மாட்டிக்கொண்டது, பிட் இறுகினால் சுற்றை விட்டுவிடும் கிளச் 'டக டக' என்று நழுவியது. அந்தக் கிளச் இல்லாவிட்டால் மணிக்கட்டு திரும்பியிருக்கும். பிட்டை ஸ்லாபோடு விட்டு மெஷினைக் கழற்றி, பைப் ரென்சால் திருகித்தான் எடுத்தேன். அதன் பிறகு நுனியில் நாலு வெட்டு உள்ள பிட்தான் வாங்குகிறேன். இரண்டு வெட்டுள்ளதைவிட விலை கூட, ஆனால் கம்பியில் அவ்வளவு இலகுவாகக் கொழுவாது. அங்கர் (துளைக்குள் இறுகிப் பிடிக்கும் போல்ட்) போடுவதற்கென்றால் துளையைத் தூரிகையால் துடைத்து ஊதிவிடவும் வேண்டும், உள்ளே தூள் கிடந்தால் பிடிப்பு குறையும்.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு ஒரு இடைச்செருகல். புதிய உயர்மாடிகள் சிலவற்றின் ஸ்லாபுக்குள் இழுத்துக் கட்டிய உருக்குக் கேபிள்கள் ஓடுகின்றன. நிர்வாகத்திடம் வரைபடம் கேட்காமல் தளத்திலோ கூரையிலோ இப்படியான மெஷினை வைக்காதீர்கள்.

ஸ்டாண்ட் வேலை இழுபட்டதற்கு மெஷின் காரணமில்லை. எதிர்வீட்டு அன்ரி ஒரு பின்னேரம் வந்து, "தம்பி, மகனுக்கு ஏ.எல். முடியுமட்டும் கொஞ்சம் பொறுக்கிறீங்களா?" என்றார். 2021க்குரிய ஏ.எல். (உயர்தர) சோதனை தள்ளிப்போய் 2022 பெப்ரவரியில் தொடங்கி மார்ச்சில் முடிந்தது. சோதனை முடிய மின்வெட்டு வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. வெயில் ஏறுமுன் கரண்ட் இருக்கிற ஒரு காலைக்காகக் காத்துக் கிடந்து நாலு துளை போட்டேன்.

கை விசயம் லேசானதில்லை. மெஷினோடு வந்த கையேட்டில் உளி வேலைக்கு அதிர்வு 10 (மீ./வி²) என்ற அளவில் போட்டிருக்கிறது. ஐரோப்பிய விதிப்படி எட்டு மணி நேர வேலைநாளுக்கு எச்சரிக்கை எல்லை 2.5, உச்ச எல்லை 5. கணக்குப் போட்டால் அரை மணித்தியாலத்தில் எச்சரிக்கை எல்லையும், இரண்டு மணித்தியாலத்தில் உச்சமும் வந்துவிடும். குளியலறை உடைத்த இரவு சோற்றுக் கோப்பையைப் பிடித்தபோது விரல் நுனி மரத்திருந்தது. இப்போது இருபது நிமிடத்துக்கு ஒரு தேத்தண்ணி இடைவேளை. கொங்கிரீட் தூளில் சிலிக்கா இருப்பதால் என்95 முகக்கவசமும் கட்டாயம். துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. பிட்டின் பிடரியைத் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் பூசிச் செருகுவேன். கடல் காற்றுக்கு உளிகள் ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்தன, பிறகு எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்கிறேன். முன்வாய் ரப்பர் ஒரு வருசத்தில் வெடித்தது. அது இல்லாமல் தலைக்குமேல் துளை போட்டால் தூள் எல்லாம் உள்ளே போகும். மாற்று ரப்பர் தருவதாகச் சொன்ன இடத்தில் ஐந்து மாதம் "கப்பலில் வருது" என்றே சொன்னார்கள். மெஷின் எடுக்கும்போதே ஒரு ரப்பரும் மோட்டாருக்குள் தேய்ந்துபோகும் காபன் பிரஷ் ஒரு சோடியும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

2023இல் நானா சொன்ன அந்த மூணு கிலோ மெஷினையும் வாங்கினேன், அதே கடையில். அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே விலை பேசவில்லை. எஸ்டிஎஸ் பிளஸ் (மெக்ஸைவிடச் சின்ன வாய்), 2.7 ஜூல், மூன்று நிலை, பின்பக்கமும் சுற்றும். ஏசி பூட்டவும், அலுமாரி அடிக்கவும், திரைச்சீலைக் கம்பிக்கும் இதுதான் எடுபடுகிறது. இதற்குக் கோடு போட்டிருந்தால் மூடி போதாது. திரும்பத் தொடங்குவதென்றால் இதை வாங்கி, பெரிசை அந்த இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்திருப்பேன். ஆனால் பெரிசை விற்கவும் மனம் வரவில்லை.

போன மாதம் எதிர்வீட்டுப் பெடியன், அன்றைக்கு ஏ.எல். எடுத்தவன்தான், வந்து நின்றான். முற்றத்துக் கொங்கிரீட்டை உடைத்து மரம் வைக்கப் போகிறானாம். விளிம்பிலிருந்து தொடங்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். ஞாயிறு பின்னேரம் துடைத்துக் கொண்டுவந்து தந்தான். பெட்டியைத் திறந்தால் இருபத்துமூன்றாவது கோடு நீலப் பேனையால் போட்டிருந்தது.